வாதி நேரில்

நீதிமன்றத் தாழ்வாரத்தில் அன்றன்றைய வழக்குப் பட்டியலை ஒட்டிவைத்திருப்பார்கள். வழக்கு எண், வாதி, பிரதிவாதி, கடைசியில் வக்கீல்களின் பெயர்கள். ஒரு வரியில் மட்டும், வாதியின் வக்கீல் இருக்க வேண்டிய இடத்தில் ‘நேரில்’ என்று இருந்தது. அந்த வரி என் மனைவியுடையது. பட்டியலுக்கு முன்னால் நின்று அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை வருஷம் கவிதை என்ற பேரில் எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றே எழுத்தில் ஒரு மனுஷியை இப்படி நிமிர்த்தி நிறுத்த எனக்கு வாய்த்ததில்லை.

விஷயம் இதுதான். ஓசூரிலிருந்து தளிக்குப் போகிற சாலையில், கொஞ்சம் உள்வாங்கி, அவளுக்கு அப்பா வழியில் வந்த நிலம் இருக்கிறது. அதில் பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் ஒன்று அமைத்து ரோஜா வளர்க்கிறாள். பூ எல்லை தாண்டி பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகும். அவள் நிலத்துக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே அவளுடைய அத்தை மகனின் நிலம். அவர் நிலத்தின் ஓரமாக வண்டி போகிற மண்வழி ஒன்று உண்டு. அவள் பிறந்ததிலிருந்து அந்த வழியில்தான் போக்குவரத்து.

இன்னொரு பாலிஹவுஸ் போடலாம் என்று பேங்க்குக்குப் போனாள். நிலத்துக்குப் பாதை காட்டுங்கள் என்றார்கள். சர்வேயரை வரச் சொன்னாள். அவர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்துவிட்டுப் போன மறுநாள், அந்த வழியின் வாயில் பர்கூர்ப் பக்கத்துக் கல்கால்கள் வரிசையாக நின்றன. நடுவில் முள்கம்பி. அத்தை மகன் எதுவும் சொல்லவில்லை. கேட்டதற்கும் பதில் இல்லை. அன்றிலிருந்து ரோஜாக்கட்டுகள் கூடையில், பெண்கள் தலையில், வரப்பு வழியாகச் சுற்றிச் சாலைக்கு வந்தன. வருகிற வழியிலேயே இதழ்களின் ஓரம் கறுத்துவிடும். மார்க்கெட்டில் அந்தக் கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டார்கள். வழி திறக்காவிட்டால் பாலிஹவுஸைப் பிரித்து வைத்துவிட வேண்டியதுதான் என்று அவள் ஒருநாள் மிகச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் குரல் சாதாரணமாகும்போதுதான் நான் பயப்படுவேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு மொழி விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, கியர் செய்யும் கம்பெனியில் ஷிப்ட்டு பார்த்து, இங்கேயே தங்கிப்போனவன். அவளுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். ஒரே மூச்சில் மூன்றிலும் திட்டுவாள். அத்தை மகனை அவள் ‘பாவா’ என்று கூப்பிடுவாள், தெலுங்கில் அதுதான் முறை. சின்ன வயதில் இருவருக்கும் கல்யாணம் என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஆகவே ஊரில் எல்லோரும், “அந்த முள்கம்பி உனக்குப் போட்டது தம்பி” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

“கையப் புடிச்சுத் தள்ளுனாரு, அடிக்க வந்தாருன்னு ஒரு வரி சேத்துக்கலாம்மா. போலீஸ்லயும் ஒண்ணு குடுத்துரலாம். கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும்.”

“அவரு என்னை அடிக்க வரலீங்களே.”

“வந்தாருன்னு எழுதறது ஒரு வழக்கம்மா.”

அவள் எழுந்துகொண்டாள். படியிறங்கும்போது, “எங்க பாவாவப் பத்தி எனக்கே பொய் சொல்லிக் குடுக்கறாரு, பாத்தீங்களா” என்றாள். பஸ் ஸ்டாண்டு வந்தபோது, “நானே பேசிக்கறேன்” என்றாள். பஸ் ஏறுவதுபோல அவ்வளவு லேசாக.

அதற்குப் பிறகு சில நாட்கள் அவள் பூ வெட்டி முடித்ததும் நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். யாருடைய வழக்கையோ கேட்பாள். எப்போது எழுந்து நிற்கிறார்கள், எப்போது தலை தாழ்த்துகிறார்கள், எந்தக் கேள்விக்கு நீதிபதி முகம் சுளிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் அதையெல்லாம் என்னிடம் நடித்துக் காட்டுவாள். வழக்கைத் தள்ளிப்போடுவதற்கு ‘வாய்தா’ என்று பெயர். “பாதிப் பேரு வாய்தா வாங்கத்தாங்க கோர்ட்டுக்கே வராங்க. கல்யாணத்துக்கு வந்துட்டுத் தாம்பூலப் பை வாங்கிட்டுப் போற மாதிரி வாங்கிட்டுப் போறாங்க” என்றாள்.

பிராதை அவளே எழுதினாள். சமையல் மேடையில் காகிதத்தை விரித்து, நல்ல பள்ளிக்கூடத் தமிழில். சரிபார்க்க என்னிடம் கொடுத்தாள். என் புத்தி சும்மா இருக்குமா? ‘பனி இறங்கும் அந்தப் பாதை’ என்று ஓரிடத்தில் சேர்த்துவிட்டேன்.

“பனி எதுக்குங்க?”

“சும்மா, அழகா இருக்குமேன்னு.”

“பனிக்கு யாரு சாட்சி? அந்த வக்கீல் எந்திரிச்சு, என்னைக்குப் பனி, எத்தன மணிக்குப் பனின்னு கேட்டா நீங்க கூண்டுல ஏறுவீங்களா?”

அந்த வரியை அடித்துவிட்டாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அது.

நீதிமன்ற அலுவலகத்தில் பிராதைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். முத்திரைக் கட்டணம் குறைவு, பக்க எண் இல்லை, வரைபடத்தில் திசை போடவில்லை. ஒவ்வொரு தடவையும் காரணத்தைப் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்கள். அவள் கோபப்படவே இல்லை. திருத்திக்கொண்டு போனாள். கடைசியில் அதற்கு ஒரு எண் கொடுத்தார்கள். அந்த எண்ணை அவள் சொன்ன விதம் எனக்கு மறக்காது. பிரசவ வார்டில் குழந்தையின் எடையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

நீதிபதி ஒரு பெண், எங்கள் மகளைவிடச் சற்றே மூத்தவர், தெற்கே கடலோரத்திலிருந்து வந்தவர். முதல் நாள் அவளைப் பார்த்து, “இலவச சட்ட உதவியில வக்கீல் தருவாங்க. செலவு கிடையாது. கேக்கறீங்களாம்மா?” என்றார்.

“வேணாங்கம்மா. வழி எங்களுது. நானே சொல்லிடறேன்.”

“சட்டம் தெரியணுமே.”

“தெரியாததை நீங்க சொல்லுங்கம்மா. கேட்டுக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் பெரிய மெஷின் ஒன்று இருக்கிறது. அது ஓடும்போது பக்கத்தில் பேசினால் கேட்காது. மேனேஜர் வந்தால்கூட அதை நிறுத்த மாட்டார்கள். இங்கே இத்தனை பெரிய அரசாங்க மெஷின், கறுப்புக் கோட்டுகளும் கட்டுகளும் முத்திரைகளுமாக ஓடிக்கொண்டிருந்த ஒன்று, ரோஜாமுள் கீறிய கையோடு ஒரு பெண் வாய் திறந்ததும் நின்று கேட்டது. இது இப்படி நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இடைக்கால உத்தரவு கேட்டாள். சாட்சியம் முடியட்டும் என்றார் நீதிபதி. கூடைகள் வரப்பில் தொடர்ந்தன.

அவள் தன் சாட்சியத்தைச் சொல்லி முடித்தாள். எதிர்த் தரப்பு வக்கீல் அவளைக் குறுக்கு விசாரணை செய்தார். உங்கள் நிலப் பத்திரத்தில் பாதை இத்தனை அடி என்று இருக்கிறதா? இல்லை. சர்வே வரைபடத்தில் இருக்கிறதா? இல்லை. எல்லாப் பத்திரத்திலும் எழுதுகிற ‘மாமூல் வழிநடை பாத்தியங்களுடன்’ என்ற ஒரு வரியைத் தவிர அவளிடம் எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு பாவா கூண்டில் ஏறினார். சத்தியம் எடுத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. அவருடைய வாக்குமூலத்தைக் காட்டி நீதிபதியே கேட்டார்.

“உங்க நிலத்துல பாதை எதாவது இருந்துச்சா?”

“பாதையே கெடையாதுங்க.”

“எந்தக் காலத்துலயும்?”

“எந்தக் காலத்துலயும் கெடையாதுங்க. கடவுள் மேல சத்தியம்.”

கண் கலங்காமல், குரல் தடுக்காமல், நேராகப் பார்த்துச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நேரமாகிவிட்டதால் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அடுத்த வாய்தா கொடுத்தார்கள்.

வெளியே வந்தோம். டீக்கடையில் அவள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆற விட்டாள்.

“எப்படி வாய் கூசாமச் சொல்றாரு பாரு” என்றேன்.

“அதாங்க எனக்கும் புரியல. பாவா வேற என்ன வேணா செய்வாரு. சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல மாட்டாரு.”

“கண்ணால பாத்தியே?”

“பாத்தேன். பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது.”

இது என்ன பிடிவாதம் என்று தோன்றியது. தன்னை மறித்த மனிதனின் நேர்மையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாளே என்று எரிச்சலும் வந்தது. அவளோ அந்த ஒரே முடிச்சைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கல்கால் நட்டது உண்மை. வழி இருந்தது உண்மை. பாவா பொய் சொல்லமாட்டார் என்பதும் உண்மை. மூன்றும் ஒன்றாக எப்படி நிற்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பாலிஹவுஸுக்குள் அவள் பூ வெட்டிக்கொண்டிருந்தாள், நான் கட்டுகளுக்கு அட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். சாலையில் புது டெம்போ டிரைவர் ஒருவர் வந்து நின்று, எப்படி வருவது என்று போனில் கத்தினார். அவள் வேலைக்காரப் பெண்மணியிடம் தெலுங்கில் சொன்னாள்: “போயி தாரி சூபிஞ்சு.” போய் வழியைக் காட்டு. சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். கத்தரி திறந்தபடி கையில் இருந்தது. காம்பு வெட்டுப்படவில்லை.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்லீங்க” என்றாள். பிறகு அந்தக் காம்பை வெட்டினாள். அன்று முழுக்க அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். கேட்டால் சொல்லவில்லை.

வாய்தா நாள் வந்தது. பாவா கூண்டில் ஏறினார். அவள் எழுந்தாள்.

“பாவா…”

எதிர்த் தரப்பு வக்கீல் உடனே எழுந்தார். “கனம் நீதிபதி அவர்களே, பாவாங்கிறது யாரு? அந்தப் பேர்ல சாட்சி யாரும் இல்லை.” அவர் மதுரைப் பக்கத்துக்காரர். நீதிபதியும் சாட்சிப் பட்டியலைப் புரட்டினார். பெஞ்ச் கிளார்க் உள்ளூர்க்காரர், வாயைப் பொத்திக்கொண்டு, “அது முறைங்கம்மா. அத்தை மகன்” என்றார்.

“சாட்சின்னு கூப்பிடுங்கம்மா” என்றார் நீதிபதி.

“வாயில வர மாட்டேங்குதுங்கம்மா.”

“சரி, கேளுங்க. தமிழ்ல கேளுங்க.”

அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, அடுப்படியிலிருந்து வாசலைப் பார்த்துக் கேட்பதுபோலக் கேட்டாள்.

“பாவா, உங்க நெலத்து ஓரமா தாரி இருக்குதா, இல்லயா?”

“தாரி இருக்குதே” என்றார் பாவா.

பாவாவின் வக்கீல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், பேனாவை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார்.

“எத்தன காலமா?”

“எங்க தாத்தா காலத்துலருந்து. என்னா கேள்வி இது? நீ அதுலதான பள்ளிக்கூடம் போன. உங்கம்மாவ அதுலதான எடுத்துட்டுப் போனோம். முன்னால தோள் குடுத்தது நான்தான.”

“தாரி இல்லன்னு நீங்க சொன்னீங்களா?”

“தாரி இல்லன்னு எவன் சொன்னான்? பாதை இல்லன்னுதான சொன்னேன்!”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு மட்டுமில்லை, அந்த அறைக்கே. அந்த மனிதருக்கு, அந்த ஊருக்கே, கால் போகிற, வண்டி போகிற, பிணம் போகிற மண்வழிக்குப் பெயர் தாரி. பாதை என்பது தமிழ்ச்சொல். அரசாங்கம் கொண்டுவந்தது. பலகை நட்டு, தார் ஊற்றி, வரைபடத்தில் கோடு போட்டது பாதை. அப்படி ஒன்று அவர் நிலத்தில் இல்லவே இல்லை. கடவுள் மேல் சத்தியம் செய்து சொல்லலாம். சொன்னார். என் மனைவியோ கோர்ட்டுக்குப் போகிற எழுத்தாயிற்றே என்று வீட்டுச் சொல்லை வாசலில் விட்டுவிட்டு, பிராது முழுக்க ‘பாதை’ என்று எழுதியிருந்தாள்.

பாவாவின் வக்கீல் சுதாரித்துக்கொண்டார். “தாரின்னு எந்த ஆவணத்துலயும் இல்லை. இந்தக் கேள்வியைப் பதிவு செய்யக் கூடாது.”

“ஆவணத்துல இல்ல. உங்க சாட்சி வாயில இருக்கே” என்றார் நீதிபதி. பிறகு பாவா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “ஐயா, தாரின்னா என்ன? எனக்குத் தெரியாது. சொல்லுங்க” என்றார்.

தெரியாது என்று ஒரு நீதிபதி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பாவா சொன்னார். எங்கே தொடங்குகிறது, எந்தப் புளியமரத்தடியில் வளைகிறது, மழை பெய்தால் எந்த இடத்தில் சக்கரம் இறங்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். நீதிபதி வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். ‘தாரி என்றால் வண்டி செல்லும் மண்வழி. அது என் பாட்டனார் காலம் தொட்டு உள்ளது. வாதியின் நிலத்திற்கு அதுவே வழி.’ அவர் பேச்சு என் கண்ணெதிரிலேயே சட்டமாக இறுகிக்கொண்டிருந்தது.

“அப்ப ஏன் கல்லு நட்டீங்க?” நீதிபதிதான் கேட்டார்.

பாவா என் மனைவியைப் பார்த்தார். “இவ சர்வேயரைக் கூட்டிட்டு வந்து பாதை அளக்கறான்னாங்க. பாதைன்னா நக்ஷால, மேப்புல ஏறும். ஏறுனா தாரு போடுவாங்க. அப்புறம் பின்னால பிளாட் போடற லேஅவுட்காரன் வருவான், அகலம் பத்தலன்னு என் நெலத்தைக் கேப்பான். பக்கத்து ஊர்ல அப்படித்தாங்க ஆச்சு. அதான் பயந்துட்டேன். தாரி வேணும்னு கேட்டிருந்தா நான் ஏங்க மறிக்கறேன்?”

“நானும் தாரியத்தான் கேட்டேன் பாவா” என்றாள் அவள்.

பெஞ்ச் கிளார்க் நல்லெண்ணத்தில் முன்னால் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி எடுத்துக்கொடுத்தார். குறுக்கு விசாரணை முடிகிறபோது ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ‘நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்று சொல்கிறேன்.’ அதற்குச் சாட்சி, சரியல்ல என்பார். எல்லா வழக்கிலும் கடைசி வரி அதுதான். அதைக் கேட்டுவிட்டு உட்காருங்கள் என்றார்.

“அவரு பொய் சொல்லலீங்க. அதை நான் எப்படிக் கேப்பேன்?” என்றாள் அவள், சத்தமாகவே.

நீதிபதி பேனாவை மூடிவைத்தார். இருவரும் வெளியே போய்ப் பேசிப் பாருங்கள், ராஜியாக முடிந்தால் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார்கள். டெம்போ போய்வரும் அகலத்துக்குத் தாரி திறந்திருக்கும். அதை அவள் பொதுப் பாதையாகப் பதியக் கேட்கமாட்டாள். அவர் மறிக்கமாட்டார். பேங்க்குக்கு இது போதுமா என்று நான் கேட்டேன். “போதலைன்னா ஒரு பாலிஹவுஸ் போதும்” என்றாள். மறுவாரம் பாவாவே ஆள் வைத்துக் கல்கால்களைப் பிடுங்கினார். டெம்போ உள்ளே வந்தது.

தீர்ப்பாணை நகல் கைக்கு வந்த அன்று, அவள் அதை வீட்டு வாசலிலேயே நின்று வாசித்தாள். பாதியில் அவளுக்குச் சிரிப்பு பொங்கி, என்னிடம் நீட்டினாள். தெரியாத சொல்லைக் கண்ட யாரோ, தெரிந்த சொல்லாகத் திருத்தி அடித்துவிட்டார்கள். ‘வாதிக்கு உள்ள தாலி பாத்தியத்தில் பிரதிவாதி எக்காலத்திலும் இடையூறு செய்யக் கூடாது’ என்று இருந்தது.

பாவாவுக்குப் படித்துக் காட்டினோம். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“தம்பி, நீங்க நிம்மதியா இருங்க. கோர்ட்டே சொல்லிருச்சு. இனிமே நான் ஒரு இடைஞ்சலும் பண்ண மாட்டேன்.”

“அண்ணா, இதை இப்படியே விட்டுரலாம்ணா. எனக்கு நல்லதுதான்” என்றேன்.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. நாளைக்கு வேற எவனாவது மறிச்சா இதைத்தான காட்டணும்?” என்றாள். எழுத்துப்பிழை திருத்தக் கேட்டு அன்று மாலையே மனு எழுதினாள். அதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

அந்த மனு விசாரணைக்கு வந்த நாளில் நானும் லீவு போட்டுக்கொண்டு போயிருந்தேன். நீதிபதி வாசித்தார். சற்றுநேரம் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். மறைப்பை எடுத்தபோது முகம் பழையபடி நீதிபதியின் முகமாக இருந்தது. வழக்கின் மூலக் காகிதக் கட்டை வரவழைத்தார்கள். பழைய சாட்சியத்தைப் பிரித்தார்கள். எதிர்த் தரப்புக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். பாவாவின் வக்கீல் எழுந்து, ஆட்சேபணை இல்லை என்று தலை தாழ்த்தினார். பிறகு நீதிபதி நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “தாலி என்று உள்ளதைத் தாரி என்று திருத்தி வாசிக்க உத்தரவிடப்படுகிறது.” டைப்பிஸ்ட் அடித்தார். முத்திரை விழுந்தது.

ஒரே ஒரு எழுத்து. அடுப்படியிலும் வரப்பிலும் மட்டும் புழங்குகிற, எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்த்திராத ஒரு சொல்லின் ஒரே ஓர் எழுத்துக்காக, சிங்கமுத்திரையின் கீழ் இத்தனை பேர் எழுந்து நின்று, உட்கார்ந்து, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டார்கள். அவள் தலை தாழ்த்திவிட்டு, டெம்போ காத்திருக்கிறது என்று எனக்குச் சைகை காட்டிவிட்டு வெளியே போய்விட்டாள். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். யார் யாரோ முன்னால் வந்தார்கள். நான் எழுந்து நின்றவன் நின்றபடியே இருந்தேன்.

வழக்குகளுக்குப் பெயர் கூப்பிடுகிற டவாலி என் பக்கத்தில் வந்து, “உங்க கேஸ் என்னங்க?” என்றார்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க. சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றேன்.

“அப்ப உக்காந்து பாருங்க” என்றார்.

உட்கார்ந்தேன்.